முதல் படி இல்லாத பாடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது. இணையத்தில் தொழில் கற்றுத்தரும் நிறுவனம் ஒன்றுக்கு வீடியோ பாடங்கள் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. வீட்டு வயரிங் பாடம் என் கைவரிசை. அதைப் படித்துவிட்டு வேலை கேட்டுப் போனவள் என் அக்கா மகள். அவளை அந்தப் பாடத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

2

முதல் முயற்சி: 'அவள் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வெளியே மழை…'

(மழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சொல்லப் பயந்து இழுத்தடிக்கிறேன்.)

சரி. கட்டடப் பராமரிப்பு நிறுவனம். ஒரே ஓர் இடம்தான் காலி. பதினோரு மாதத்தில் அவளை நேரில் வரச்சொன்ன முதல் ஆட்கள் இவர்கள். மேற்பார்வையாளர் சுவரைக் காட்டி, "அந்த பிளக் பாயிண்டைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டுங்க," என்றார். அவள் கையில் நடுக்கமே இல்லை. மூடியைக் கழற்றி வயரைத் தொடப்போனாள். அவர் பாய்ந்துவந்து கையைத் தட்டிவிட்டார்.

"மெயினை ஆஃப் பண்ணீங்களா?"

"அது ஏற்கெனவே ஆஃப்லதானே சார் இருக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. "உசுரே போயிருக்கும்மா. வீட்டுக்குப் போங்க."

3

இவ்வளவு மண்டூகமா அவள் என்று கேட்பீர்கள். எனக்கும் சந்தேகம் வந்து, அவளைக் கொஞ்சம் அசடாகவே எழுதிப் பார்த்தேன். பொய். தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். வாடகை வீட்டுச் சுவரில் கைவைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்பதால், அவள் அப்பா ஒரு பலகையில் பிளக் பாயிண்டை அடித்துக்கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவாள். அந்தப் பலகையில் ஒருநாளும் கரண்ட் இருந்ததில்லை.

[பாடத்தின் முதல் படி, 'மெயினை அணைக்கவும்.' நான்தான் எழுதினேன். வீடியோ மூன்று நிமிடத்தைத் தாண்டினால் பார்க்கிறவர்கள் ஓடிவிடுகிறார்கள் என்றார் எங்கள் நிறுவன மேலாளர். நான்தான் வெட்டினேன். திரையில் பாடம் தொடங்கும்போதே மெயின் அணைந்திருக்கும்.]

4

ஒரு முடிவு: மேற்பார்வையாளர் மனமிரங்கி மறுநாள் கூப்பிடுகிறார். (எழுதிப் பார்த்தேன். அன்று மதியமே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.)

இன்னொன்று: நான் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'இதோ பாரும்மா, அந்தப் பாடத்துல நான்…' (மூன்று தடவை உட்கார்ந்தேன். இதற்கு மேல் நகரவில்லை.)

நடந்தது இதுதான். அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம்.

"நான்தான் சரியாக் கவனிக்கல மாமா. உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்," என்றாள்.

"உன் மாமா இவ்ளோ பாடுபட்டு எழுதியிருக்கான். நீ ஒழுங்காப் படிச்சாத்தானே?" என்றாள் அக்கா.

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் அக்கா கொடுத்த காபியைக் குடித்து முடித்தேன்.

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். எங்கள் நிறுவனத்தின் அடுத்த பாடம், உயர்நிலை.

"இதையும் முடிச்சா வேலை கிடைச்சிடும்ல மாமா?"

இந்த வரியோடு நிறுத்திவிட்டேன். அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.