வாலாட்டாத விந்தணுக்கள்

பெர்சியின் இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்பதை முதலில் படம்பிடித்தவன் மனுவேல். அதற்காகப் பதினொரு வருஷம் ஏச்சு வாங்கியவனும் அவன்தான்.

பெர்சி நாசரேத் ஊர்க்காரன், தூத்துக்குடி துறைமுகத்தில் டக் ஓட்டுகிறவன். பெரிய கப்பலை இழுத்தும் தள்ளியும் கப்பல் அணையும் பெர்த்தில் கொண்டுபோய் நிறுத்துகிற குட்டி இழுவைப் படகு அது. அந்த வேலைக்கு வருஷம் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை உண்டு. துறைமுக ஆஸ்பத்திரியில் மனுவேல் எக்ஸ்ரே எடுப்பான். பார்க்கிற டாக்டர், "ஏலே, இடம்வலம் மாத்தி எடுத்து வச்சிருக்கியேல" என்று ஏசிவிட்டு, படத்தைத் திருப்பி மாட்டி, 'நார்மல்' என்று கையெழுத்துப் போடுவார். டாக்டர்கள் மாறினார்கள். ஏச்சு மாறவில்லை.

பன்னிரண்டாவது வருஷம் மனுவேலுக்குப் பொறுமை போய்விட்டது. பெர்சியின் வலது மார்பில் ஓர் ஊக்கைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் படமெடுத்தான். ஊக்கும் இதயமும் ஒரே பக்கம் விழுந்திருந்தன.

"அண்ணாச்சி, ஊக்கு எந்தப் பக்கம் ஒட்டினேன்?"

"சோத்தாங்கைப் பக்கம்."

"அப்போ உம்ம நெஞ்சும் சோத்தாங்கைப் பக்கந்தான். மாத்தி வச்சது நான் இல்ல. உம்மப் படைச்சவரு."

தன் மேல் இருந்த பழி போன சந்தோஷத்தில் அவனே ஸ்வீட் வாங்கி வந்தான். பெர்சிக்கு இனிப்பு இறங்கவில்லை.

அந்தப் படத்தைக் குழந்தைப்பேறு டாக்டர் ருமைஸாவிடம் எடுத்துப் போனவள் பெர்சியின் மனைவி ஜெபசுதா. சாத்தான்குளத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தையில்லை. ஸ்கேன், ரத்தம், கருக்குழாயில் மருந்து செலுத்திப் பார்க்கிற உயிர்போகும் பரிசோதனை, எல்லாம் அவளுக்குத்தான் நடந்தது. பெர்சியைக் கூப்பிட்டபோதெல்லாம் அவனுக்கு டியூட்டி இருந்தது. மாமியார் கிருபை ஞாயிறுதோறும் சபையில் மருமகளின் கர்ப்பப்பைக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கச் சொல்வாள். பின்வரிசை வாலிபர் சங்கம் வரைக்கும் அந்தக் கர்ப்பப்பையைத் தெரியும்.

ருமைஸா காயல்பட்டினத்துக்காரர். அன்று பெர்சியையும் வரச் சொல்லியிருந்தார். படத்தைப் பார்த்தார். பெர்சி மூக்கைச் சிந்துவதையும் பார்த்தார்.

"இந்தச் சளி எத்தன நாளா?"

"பிறந்ததுல இருந்தே இருக்கு மேடம். கடக்காத்து."

"நாசரேத்துல ஏதுங்க கடல்? காதுல சீழ் வருமா?"

"சின்ன வயசுல வரும்."

"விந்து டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு மேடம்? நான் நல்லாத்தான இருக்கேன்."

"நெஞ்சு எடம் மாறி இருக்கு. இதுக்கு மேல எப்படி நல்லா இருக்கணும்?"

ஜெபசுதா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

மறுநாள் பெர்சி ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு சின்ன அறைக்குள் போனான். சுவரில் பழைய காலண்டரும் கைகழுவுவது எப்படி என்ற அட்டையும் இருந்தன. நாற்பது நிமிஷம் கழித்து, துறைமுகத்தில் எந்தக் கப்பலும் தராத களைப்போடு வெளியே வந்தான்.

ருமைஸா இருவரையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நூற்றுக்கணக்கில் விந்தணுக்கள். ஒன்றுகூட நகரவில்லை.

"செத்துப்போச்சா?" என்று கேட்டான் பெர்சி.

"இல்ல, முக்கால்வாசிக்கு உயிர் இருக்கு. வாலுதான் ஆடல."

ரத்தத்தில் ஜீன் பரிசோதனை செய்து, ஒரு மாதம் கழித்து முடிவு வந்ததும் அவர் விளக்கினார்.

"உங்க டக்குக்கு யாரு ஆர்டர் கொடுப்பா?"

"கப்பல்ல இருக்கிற பைலட்டு. வாக்கிடாக்கில சொல்லுவாரு."

"ரெண்டு பக்கத்து டக்கும் ஒரே நேரத்துல இழுத்தா?"

"கப்பல் அங்கனயே நிக்கும். எங்களுக்கு ஏச்சு விழும்."

"வாலுக்குள்ளயும் அதே கததான். நீள நீளமா குழாய் இருக்கும். டைனின்னு ஒரு புரதம் குழாயப் பிடிச்சு இழுக்கும். ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் விடணும், அப்பத்தான் வால் வளையும். எப்ப இழுக்க, எப்ப விடன்னு அடக்கி வைக்கிறது வேற புரதங்க. இது எல்லாத்தையும் சரியான இடைவெளியில உக்கார வைக்க, அளவுகோல் மாதிரி இன்னொரு புரதம் வேணும். உங்களுக்கு அந்த அளவுகோல் இல்ல. டைனின்ல பாதி ஏறவே இல்ல. ஏறினதையும் அடக்க ஆளில்ல."

மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிற நுண்மயிர்களுக்குள்ளும் அதே ஏற்பாடுதான், அவை அசைந்துதான் சளியைத் தள்ளும் என்றார். கருவில் இதயம் எந்தப் பக்கம் என்று முடிவாவதும் அப்படிப்பட்ட மயிர்கள் சுழல்வதால்தான். அவை சுழலாவிட்டால், பூவா தலையா போடுகிற கதை. பெர்சிக்குத் தலை விழுந்திருக்கிறது.

"பிள்ள பெறலாம். மதுரையில ஒரு விந்தணுவ ஊசியில எடுத்து நேரா முட்டைக்குள்ள வைப்பாங்க. நீந்த வேண்டிய வேல இல்ல."

வீட்டுக்குப் போகிற வழியில் பெர்சி வண்டியை நிறுத்தினான். "சுதா, அம்மாட்ட இதச் சொல்ல வேண்டாம். ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கோளாறுன்னு சொல்லிருவோம்."

ஜெபசுதா இறங்கி நின்றாள். "எனக்கு ஒரு கொஞ்சமும் இல்ல. ஏழு வருஷம் சபை பூரா என் வயித்தப் பத்திப் பேசியிருக்கு. நீங்களே, உங்க வாயால சொல்லணும். சொன்னப்புறந்தான் மதுரைக்கு ஊசிக்கு வருவேன்."

அவள் அழவில்லை. வகுப்பில் தப்பான விடைக்குச் சுழி போடும்போது இருக்கிற முகம்தான் இருந்தது. அந்தக் கர்ப்பப்பைக்கான ஜெபத்துக்குத் தானும் கண்ணை மூடி ஆமென் சொன்னது பெர்சிக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில், மீன் குழம்புக்கு நடுவே, அவன் சொன்னான். தண்ணீர் டம்ளரைக் கப்பலாக்கி, இரண்டு ஸ்பூன்களால் இழுத்துக் காட்டி, டம்ளரைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னான்.

கிருபை எழுந்து வந்து மகனின் இடது மார்பில் காதை வைத்தாள். பிறகு வலது மார்பில். அங்கேயே வெகுநேரம் நின்றாள்.

"இது அவ வந்தப்புறமா எடம் மாறிச்சு?"

"எம்மா, உன் வயித்துக்குள்ள இருக்கும்போதே மாறினது. உன்ட்ட பாதி, அப்பாட்ட பாதின்னு வந்திருக்கு."

கிருபை உட்கார்ந்தாள். ஊளி மீன் துண்டுகளில் பெரியதை எடுத்து மருமகள் தட்டில் வைத்தாள். ஜெபசுதா அதைத் தொடவில்லை.

"மீன் வேண்டாம் அத்த. வாயால சொல்லுங்க."

கிருபை கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள்.

"தப்புத்தான் தாயீ," என்றாள் கிருபை. "உன்னப் போட்டு வாட்டிட்டேன். அடுத்த ஞாயிறு சபையிலயும் எழுந்து சொல்லுதேன்."

"சபையில வேண்டாம்," என்று பெர்சி பதறினான்.

"சொல்லட்டும்," என்றாள் ஜெபசுதா. மீனைப் பிய்த்துச் சாப்பிட்டாள்.

கிருபை சபையில் எழுந்து சொன்ன பிறகு மதுரைக்குப் போனார்கள். முதல் தடவை கரு தங்கவில்லை. ஜெபசுதா இரண்டு நாள் படுக்கையில் கிடந்தாள். பெர்சி லீவு போட்டுப் பக்கத்திலேயே கிடந்தான். மூன்றாம் நாள் அவள் எழுந்து பள்ளிக்கூடம் போனாள். இரண்டாவது தடவை தங்கியது.

பிப்ரவரியில் பெண் பிறந்தது. வீட்டுக்கு வந்த அன்று கிருபை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, பார்க்க வந்த சபைக்காரர்களை "அவ தூங்கட்டும்" என்று தெருவிலேயே நிறுத்தி அனுப்பினாள். உள்ளே ஜெபசுதா சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள்.