347-க்கு மட்டும் மார்க் இல்லை

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. ஒரு கண்ணாடிக் கடையில், என் மூக்கின் மேல் இன்னொருவர் விரல் இருந்த நிலையில், வாயைத் திறக்க வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஃப்ரேமை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்த பெண், நான் கதை எழுதுகிற ஆள் என்று தெரிந்ததும், "அப்படின்னா ஒண்ணு சொல்றேன், எழுதிடாதீங்க" என்று ஆரம்பித்தாள். அப்படிச் சொல்லப்பட்ட கதையை எழுதாமல் விட்ட எழுத்தாளர் யாராவது இருந்தால் அவர் காலில் விழத் தயார்.

எழுதி முடித்த பிறகு மனசு உறுத்தியது. கொண்டுபோய் அவளிடமே கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து, ஓரங்களில் பேனாவால் எழுதித் திருப்பித் தந்தாள். அவள் எழுதியவற்றைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

என் முதல் தொடக்கம் இது: "கோடை வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், தனிமை என்னும்—"

[வெயில் எல்லாருக்கும் தெரியும். ஆளைக் காட்டுங்க.]

சரி, ஆளைக் காட்டுகிறேன்.

2

வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவளுக்குச் சம்பளம் தரும் வேலை. சம்பளம் இல்லாமல் பார்க்கிற வேலை, தீர்ப்பு சொல்வது. கோடை விடுமுறைக்கு வருகிற பிரம்மாண்டப் படங்களில் ஒன்றையும் விடமாட்டாள். நகரம் இடிகிற படம், கடல் பொங்குகிற படம், மூன்றாம் பாகத்தில் செத்தவன் ஐந்தாம் பாகத்தில் சாவகாசமாக நடந்து வருகிற படம், எல்லாவற்றுக்கும் முதல் நாளே ஆஜர். அந்தப் படங்களை மட்டமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு கட்டடம் விழறதை ஒழுங்கா எடுக்கறது லேசுப்பட்ட வேலைன்னு நினைச்சீங்களா?" என்பாள்.

ஆனால் கட்டடம் விழும்போது அவள் கண் கதாநாயகன் மேல் இருக்காது. அவனுக்குப் பின்னால் ஓடுகிற கூட்டத்தின் மேல் இருக்கும். "ஹீரோவுக்கு, தான் சாகமாட்டோம்னு தெரியும். பின்னால ஓடறவங்களுக்குத் தெரியாது. நடிப்பு அங்கதான் இருக்கு."

தொலைக்காட்சி நடிப்பு விருதுகள் பக்கம் பேச்சு திரும்பினால் அன்றைக்குக் கடையில் வேலை நடக்காது. "அழுதா அவார்டு. மொட்டை அடிச்சுக்கிட்டு அழுதா கண்டிப்பா அவார்டு. ஒருத்தி துணி மடிச்சுக்கிட்டே பொய் சொல்றா, அது பொய்னு நமக்கு மட்டும் தெரியுது. அதுக்கு எவன் குடுக்கிறான்?" ஒவ்வொரு வருஷமும் விருது யாருக்குப் போகவேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுவாள். வேறு யாருக்காவது போனால் இரண்டு நாள் யாரோடும் முகம்கொடுத்துப் பேசமாட்டாள்.

[நானும் எத்தனையோ தடவை தப்பா சொல்லியிருக்கேன். அதையும் எழுதுங்க. நான் என்ன தெய்வமா?]

3

இவளுடைய அண்ணி ஒரு சீரியல் நடிகை. இப்படி ஒரு ஆளைக் கதைக்குள் கொண்டுவந்தால், எழுதுகிறவர் தன் வசதிக்குச் செருகிவிட்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு வரைவில் அண்ணியைப் பள்ளி ஆசிரியையாக மாற்றிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. ஆகவே நடிகைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருஷமாக நடிக்கிறாள். இப்போது நடிக்கிற சீரியலில் அவளுக்குக் கொடுமைக்கார நாத்தனார் வேஷம். பகல் முழுக்க அங்கே யாரையாவது ஒரு வழி பண்ணிவிட்டு, சாயந்தரம் வீட்டுக்கு வந்து நிஜ நாத்தனாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். அண்ணனும் அண்ணியும் மாடியில், ஜட்ஜம்மா கீழே தனியாக. சீரியலை ஒரு நாள் விடாமல் பார்த்து, ஒரு நீள நோட்டில் எபிசோடு வாரியாகப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வந்தாள். சொந்தம் என்பதற்காக அரை மார்க்கூட அதிகம் போட்டதில்லை.

இந்த வருஷம், முதல் தடவையாக, அண்ணியின் பெயர் சிறந்த துணை நடிகைக்கான விருதின் இறுதிப் பட்டியலில் வந்தது. அதற்கு ஒரு விதி உண்டு. பட்டியலில் உள்ளவர் தன் எபிசோடுகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும். நடுவர்கள் பார்ப்பது அதை மட்டும்தான். சனிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. சீரியலோ அடுத்த மாதம் முடிகிறது. அண்ணிக்கு வயது நாற்பத்து மூன்று.

"இதை விட்டா அப்புறம் முப்பது வயசு ஹீரோவுக்கு அம்மாதான். அதுக்கப்புறம் சுவத்துல ஃபோட்டோதான்" என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

டைரக்டர் 512-ஐ அனுப்பச் சொன்னார். அண்ணனும் அதையேதான் சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நிமிஷம் கிளிசரின் இல்லாமல் அழுத எபிசோடு அது. அண்ணிக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் கீழே இறங்கி வந்து, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

4

"நீயே சொல்லு ஜட்ஜம்மா. எதை அனுப்பறது?"

"512-ஐ அனுப்புங்க அண்ணி. எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க."

"அதுக்கு நீ நாலு மார்க்தான் போட்டிருக்க." அண்ணி பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "'அழுகை நல்லா இருக்கு. யாருக்காக அழறாங்கன்னு அவங்களே மறந்துட்டாங்க.' இது உன் கையெழுத்துதானே?"

"நடுவருங்களுக்கு அழுகைதான் பிடிக்கும்."

"உனக்கு எது பிடிச்சுதுன்னு கேட்டேன்."

 அண்ணி பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள்.

"எல்லாத்துக்கும் மார்க் இருக்கு. 347-க்கு மட்டும் ஏன் இல்ல?"

"அன்னைக்குக் கரண்ட் இல்ல. பார்க்கலை."

 அண்ணி நோட்டை மூடி வைத்துவிட்டு, "சரி, 512-ஐயே அனுப்பிடறேன்" என்று மேலே போய்விட்டாள்.

பதினைந்து வருஷத் தீர்ப்புகளில் ஜட்ஜம்மா சொன்ன முதல் பொய்த் தீர்ப்பு அது. அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

5

347-இல் என்ன இருந்தது? இதைச் சொல்லும்போது கடையில் அவள் என் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. அவள் வேண்டுமென்றே செய்தாளா என்று—

(இந்த வாக்கியத்தை இதோடு விட்டுவிடுகிறேன். அழகாக எழுதப் பார்க்கிறேன். அது இங்கே தப்பு.)

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய புருஷனிடமிருந்து ஃபோன் வந்தது. வேலைக்காகப் போன ஊரிலிருந்து இனி திரும்பி வரப்போவதில்லை, அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்றான். அவள் "சரி" என்றாள். அவன் ஏதேதோ சொன்னான். மறுபடியும் "சரி" என்றாள். பிறகு, "அலமாரிச் சாவியை எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். ஃபோனை வைத்துவிட்டு, மேசையில் ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இஸ்திரிப் பெட்டி இரவல் வாங்க வந்த அண்ணி வாசலில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனதை அவள் ஓரக்கண்ணால் கவனித்திருந்தாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டு வருஷம் கழித்து 347 ஒளிபரப்பானது. கொடுமைக்கார நாத்தனாருக்கு ஒரு ஃபோன் வருகிறது. "சரி" என்கிறாள். மறுபடி "சரி". சாவியைக் கேட்கிறாள். மேசையில் ஒரே இடத்தைத் துடைக்கிறாள்.

அது தன்னுடைய ஞாயிற்றுக்கிழமை என்று ஜட்ஜம்மாவுக்கு உடனே புரிந்தது. கூடவே, அதுதான் அவளால் தாங்கமுடியாதது, சீரியல் நடிப்பில் அதைவிட நல்லதை அவள் பார்த்ததில்லை என்றும் தெரிந்தது. பேனாவை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

[இந்தப் பகுதியை மூணு தடவை படிச்சேன். எடுக்கச் சொல்லலாம்னு இருந்தேன். சொல்லலை.]

6

சனிக்கிழமை மதியம் அவள் படத்துக்குப் போனாள். அந்தக் கோடையின் பெரிய படம். இடைவேளைக்குப் பிறகு பாலம் உடைகிற கட்டம். கதாநாயகன் கம்பியில் தொங்குகிறான். பின்னால் கார்களை விட்டுவிட்டு ஜனங்கள் ஓடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, பெயர்கூட இல்லாத துணை நடிகை, இரண்டடி ஓடிவிட்டுத் திரும்பி வந்து கார்க் கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். பாலமே விழப்போகிறது. கதவு எதற்கு?

ஜட்ஜம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க முடியாது. எங்கேயோ, எப்போதோ, நிஜமாகவே ஒருத்தி அப்படிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அதை இந்தத் துணை நடிகை பார்த்திருக்கிறாள், மறக்காமல் வைத்திருந்திருக்கிறாள். அந்த முதல் பெண்ணை இப்போது அரங்கம் நிறைய ஜனங்கள் பார்க்கிறார்கள், பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

மணி நாலேகால். அவள் எழுந்தாள். வாழ்க்கையில் கிளைமாக்ஸுக்கு முன்னால் அவள் எழுந்து வந்த ஒரே படம் அதுதான்.

[தலைவலின்னுதான் எழுந்து வந்தேன். கார்க் கதவெல்லாம் நீங்க போட்டது. ஆனா நல்லாத்தான் இருக்கு, வச்சுக்கங்க.]

7

மூச்சு வாங்க மாடி ஏறியபோது அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணி நாலு நாற்பத்தைந்து.

"அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. கை வரலை."

"347-ஐ அனுப்புங்க."

அண்ணி திரும்பினாள். "கரண்ட் இல்லன்னியே?"

"பொய் சொன்னேன். பார்த்தேன். பத்துக்குப் பத்து. அதை எழுத எனக்கு மனசு வரலை, அவ்வளவுதான்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணி?"

"கேட்டிருக்கணும்" என்றாள் அண்ணி. சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. "அந்த சீன்ல தலையில அடிச்சுக்கிட்டுக் கத்தி அழணும்னு எழுதியிருந்தாங்க. எனக்கு உன் ஞாபகம் வந்துடுச்சு. அன்னைக்கு நான் உள்ள வந்து உன் கையைப் பிடிச்சிருக்கணும். பயமா இருந்துச்சு, ஓடிட்டேன். பேசத் தெரியலை. அங்க போய் நடிக்கத்தான் தெரிஞ்சுது."

"ஊரே பார்த்துச்சு."

"ஊரு என்னைப் பார்த்துச்சு. நீ பார்த்தியான்னுதான் எனக்குத் தெரியணும். அப்பலருந்து நீ திட்டுவேன்னு காத்துக்கிட்டு இருக்கேன். நீயானா மார்க்கே போடலை."

இங்கே இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததாக என் வரைவில் இருந்தது. [அழலை. அழுதா அவார்டு குடுத்துடுவாங்க.] அழவில்லை. ஜட்ஜம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தபோது 347 போய்ச் சேர்ந்தது.

8

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன. முதலாவதில் அண்ணி ஜெயிக்கிறாள், மேடையில் நாத்தனாருக்கு நன்றி சொல்கிறாள், அரங்கம் எழுந்து நிற்கிறது. [கோடைப் படம்.] இரண்டாவதில் தோற்கிறாள், ஆனால் இருவரும் மழையில் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறார்கள். [இது அவார்டுக்குன்னே எழுதினது.] மூன்றாவதில் நான் எதுவும் சொல்லாமல் நழுவிவிடுகிறேன். [இதுக்கு எதுக்கு ஒரு எழுத்தாளர்?]

மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் கடைக்குப் போனேன். அதற்குள் நடந்து முடிந்திருந்த விருது விழாவில் என்ன நடந்தது என்று கேட்டேன். யாருக்குக் கிடைத்தது என்பதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னாள்.

9

ஒவ்வொரு பெயரையும் படிக்கும்போது அவர் அனுப்பிய எபிசோடிலிருந்து ஒரு துண்டைப் பெரிய திரையில் காட்டினார்கள். முதல் நடிகை அழுதாள். இரண்டாமவள் அழுதாள். மூன்றாமவள் மொட்டைத் தலையோடு அழுதாள். நான்காவதாக அண்ணியின் பெயர். பக்கத்து இருக்கையில் இருந்த அண்ணி ஜட்ஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில், பாலங்கள் உடைகிற படங்களை மட்டுமே அவள் பார்த்துப் பழகிய பிரம்மாண்டத்தில், ஒரு மேசை. ஒரு துணி. ஒரு கை ஒரே இடத்தைத் துடைக்கிறது. அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை.

"மூணு வருஷமா நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்று ஜட்ஜம்மா என்னிடம் கேட்டாள். "அன்னைக்கு நான் முட்டாள் மாதிரி துடைச்சுக்கிட்டு நின்னேன்னு. நாலு வார்த்தை கேக்கத் துப்பில்லாதவன்னு. அவ்வளவு பெருசா பார்த்தப்பதான் தெரிஞ்சுது. அந்தப் பொம்பளை உடையலைங்க. வலிக்குது, ஆனா நிக்கிறா. எவ்வளவு அழகா நிக்கிறா!"

துண்டு முடிந்தது. முதலில் கைதட்டியது அவள்தான். அண்ணிக்காகவா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

மேடையில் உறையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதை வாசிப்பார். ஆனால் அவசரப்படாதீர்கள், அவள் இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறாள்.