சகலமானவர்களுக்கும் வெளிச்சம்

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று மாலை இவ்வில்லத்தின் தோட்ட விளக்குகள் யாவும் முழுப் பொலிவுடன் எரியும். பராமரிப்புப் பணி வீட்டுத் தலைவரின் மேற்பார்வையில், வீட்டுத் தலைவராலேயே நடைபெறும்."

காபியை ஆற்றிக்கொண்டே மேனேஜர் இப்படி முழங்கியபோது, கேட்க அவர் மனைவி ஒருத்திதான் இருந்தாள். சகலமானவர்கள் என்று அவர் சொன்னது ஊரை அல்ல, சகலையை. மனைவியின் தங்கை புருஷன். போன தடவை சாப்பிட வந்தபோது வாசலில் பூந்தொட்டி இடறி, "அடுத்த தடவை டார்ச்சோட வரேன் அண்ணே" என்று சிரித்துவிட்டுப் போன மனிதர். அந்தச் சிரிப்பு மேனேஜருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மறுபடி வருகிறார்.

"எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டா என்னவாம்?" என்றாள் மனைவி.

"நானூறு பேரைக் கட்டி மேய்ச்சவன்டி நான். நாலு லைட்டை மேய்க்க மாட்டேனா?"

"அவங்கெல்லாம் நீங்க இல்லாதப்பவும் வேலை செஞ்சாங்க. லைட்டு செய்யாதுங்க."

மேனேஜர் மெயினை அணைத்துவிட்டு மண்டி போட்டார். பொய் சொல்லக் கூடாது, வேலை சுத்தமாகத்தான் நடந்தது. கண்ணாடிகளில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தார். ஒரு விளக்குக்குள் குடும்பம் நடத்திய எறும்புகளைக் காலி செய்ய வைத்தார். வெளிச்சத்தை மறைத்த செடியை வெட்டினார். தளர்ந்திருந்த ஒயரை இறுக்கினார். அதோடு எழுந்து கை கழுவியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சுவரில் புதுப் பெயர்ப்பலகை இருந்தது. அதில் 'மேனேஜர்' என்ற எழுத்து முழ நீளம்; 'ஓய்வு' என்பது பூதக்கண்ணாடிக்கு உரியது. இருப்பதிலேயே பெரிய விளக்கின் கழுத்தைத் திருகி, அந்தப் பலகையைப் பார்த்து நிறுத்திவிட்டு, மெயினைப் போட்டார்.

பொழுது சாய்ந்தது. விளக்குகள் தாமாகவே எரிந்தன. மேனேஜர் மார்பை நிமிர்த்தினார். அணைந்தன. மார்பு இறங்கியது. மறுபடி எரிந்தன. மறுபடி அணைந்தன.

மனைவி இடுப்பில் கை வைத்து சுவரையே பார்த்தாள். பலகைக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு சென்சார். இருட்டினால் விளக்கைப் போடுவதும் விடிந்தால் அணைப்பதும் அதன் உத்தியோகம்.

"அது மூஞ்சியிலேயே லைட்டை அடிச்சு வெச்சிருக்கீங்க. பொழுது விடிஞ்சிடுச்சுன்னு அது அணைக்குது. அணைச்சதும் ராத்திரி ஆயிடுது, திரும்பப் போடுது. பாவம், அதுவும் என்னதான் பண்ணும்? லைட்டைக் கொஞ்சம் தள்ளித் திருப்புங்க, சரியாயிடும்."

"திருப்பினா போர்டு தெரியாதேடி!"

"போர்டு தெரியலன்னா நீங்க யாருன்னு என் தங்கச்சிக்குத் தெரியாதாக்கும்!"

மேனேஜர் விளக்கின் கழுத்தைப் பிடித்தபடி நின்றார். வெளிச்சமா, பதவியா? யோசித்தார். கையை எடுத்துவிட்டார். பதவியே வென்றது.

தங்கையும் சகலையும் கேட்டைத் திறந்தார்கள். எரியும்போது நடந்து, அணையும்போது அப்படியே நின்று, தவணை முறையில் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"என்ன அண்ணே, வாசலுக்குக் கண்ணடிக்கக் கத்துக் குடுத்திருக்கீங்க?" என்றார் சகலை.

மேனேஜர் பெயர்ப்பலகையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "அது... ஒரு செட்டிங் சகலை. நானே பண்ணினது."

"அடேயப்பா! நீங்களேவா? எங்கயுமே பாத்ததில்ல அண்ணே. ஒருநாள் வந்து நம்ம தோட்டத்துக்கும் இதே மாதிரி பண்ணிக் குடுக்கணும். வேற ஆளை நான் நம்ப மாட்டேன்."

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். மேனேஜருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. முள் இறங்கிவிட்டது. வழக்கத்துக்கு மேல் சாப்பிட்டார், சகலையின் தோளில் இரண்டு முறை தட்டினார், நானூறு பேர் கதையை முதலிலிருந்து சொன்னார்.

அவர்கள் கிளம்பியதும் சமையலறைக்கு ஓடினார். "கேட்டியா? அவரே வாயைத் திறந்து கேட்டுட்டார்! ஞாயித்துக்கிழமை போறேன். ஸ்குரூ டிரைவர் எல்லாத்தையும் எடுத்து வை."

மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

சகலை குடியிருப்பது நாலாவது மாடியில்.