முன் சீட்டில் யார்?

விடிகாலை நாலே முக்காலுக்கு ஜீப் இருமியது. டிரைவர் பொன்னையா கிரேங்க் கம்பியை இன்னொரு தரம் பலமாகச் சுழற்றி இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. தோட்டத் தொழிலாளர் லயத்து நாய்கள் குரைத்துப் பார்த்துவிட்டு, நம்ம வண்டிதான் என்று மறுபடி சுருண்டு படுத்தன.

முன் சீட்டில் உரச்சாக்கை நாலாய் மடித்துப் போட்டு, மனைவி புஷ்பத்தைத் தூக்கி உட்காரவைத்தார்.

"மெதுவாங்க. என்னா, மூட்டையா ஏத்துறீங்க?"

"மூட்டைன்னா பாரம் இருக்கணுமே. நீ கோழிக்குஞ்சு மாதிரில்ல இருக்க."

அவள் சிரித்தாள். சிரித்த முகத்தில் வீக்கம் தெரிந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷம். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு அவள் பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மெசினோடு படுத்திருக்க வேண்டும். அவர்கள் லயம் இருக்கும் மேல் டிவிஷனிலிருந்து பாலம் வரை மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம். மண் சரிந்து பாதை பாதியாய்ப் போனதிலிருந்து எந்த ஆட்டோவும் பாலத்தைத் தாண்டி மேலே வருவதில்லை. இந்த ஜீப் மட்டும்தான் ஏறும், இறங்கும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு வந்த பட்டாள ஜீப் அது. வெள்ளைக்காரன் காலத்தில், தியத்தலாவை பட்டாள முகாமில் ஏலம் போட்டபோது தோட்டத்துக்கு வந்ததாம். கதவு கிடையாது. சாவி கிடையாது, ஒரு சுவிட்சைத் திருகிவிட்டுக் கிரேங்கைச் சுழற்றினால் போதும். எண்பது வருஷமாக உரமும் கொழுந்தும் பிரசவ வலியும் பாம்புக்கடியும் சவப்பெட்டியும் அதில் ஏறி இறங்கின. யார் ஏறினார்கள் என்று ஜீப்புக்குத் தெரியாது. தோட்டத்து மேனேஜர் துரைக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

அந்த ஜீப்புக்குத்தான் கொழும்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துக்குப் புது வண்டி அனுப்புகிறோம், பழையதை ஒழித்துவிடுங்கள் என்று.

துரை நல்ல மனிதர். பொன்னையாவை ஆபீஸுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். "ஒரு வழி இருக்கு பொன்னையா. ஞாயித்துக்கிழம ரெண்டு வண்டியையும் எட்டாம் நம்பர் மலையில ஏத்திப் பாப்போம். நான் வீடியோ எடுத்துக் கொழும்புக்கு அனுப்புறேன். பழசு ஏறிருச்சுன்னா, இதையும் வச்சுக்கிறோம்னு எழுதலாம்."

பொன்னையாவுக்கு மூன்று இரவு தூக்கம் போனது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ப்ளக்குகளை உப்புத்தாளில் தேய்த்தார். சனிக்கிழமை இரவு மழை வெளுத்து வாங்கியபோது லயத்திலேயே சந்தோஷப்பட்டது அவர் ஒருவர்தான்.

ஞாயிறு காலை எட்டாம் நம்பர் மலை செம்மண் குழம்பாக இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தார்கள். துரையோடு ஒரு விருந்தாளியும் வந்திருந்தார். பதுளை பஜாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் புவனேந்திரன் முதலாளி. வெள்ளைக்காரப் பயணிகளுக்காக மலையுச்சியில் புது ஹோட்டல் கட்டிக்கொண்டிருப்பவர்.

புது வண்டி வெள்ளை யானை மாதிரி நின்றது. அதைக் கொழும்பிலிருந்து ஓட்டி வந்த தர்ஷன், பொன்னையாவுக்குக் கதவைத் திறந்து காட்டினான்.

"இந்தப் பட்டன அமுத்துனா பள்ளத்துல தானா இறங்கிக்கும் அண்ண. பிரேக்குல கால் வைக்கவே தேவல்ல. முன்னுக்கு ஆள் நின்னா தானா நிக்கும். லைட்டும் தானாத்தான் கூடும், கொறையும்."

"அப்ப நீ எதுக்குத் தம்பி உள்ள?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தர்ஷனும் சிரித்தான். "சம்பளத்துக்கு அண்ண."

புதுசு முதலில் ஏறியது. பாதி மலை வரை சத்தமே இல்லாமல் போனது. பிறகு பின் டயர் வழுக்கியது. வழுக்கியதும் வண்டியின் மூளை எஞ்சினை அடக்கியது. தர்ஷன் ஒரு பட்டனை அமுக்கினான், இன்னொன்றை அமுக்கினான். இரண்டரைத் தொன் இரும்பு பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, தேயிலைச் செடியில் சாய்ந்து நின்றுகொண்டது. திரையில் என்னவெல்லாமோ சிவப்பாக எரிந்தது.

இப்போது ஜீப். பொன்னையா நாலு டயரிலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டார். பின்பக்கத்தைத் தட்டினார்.

"பாரம் பத்தாது. ஆறு பேர் ஏறுங்க!"

பக்கத்து லயத்து சுரேன் முதலில் பாய்ந்தான். ஐந்து பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார்கள். பாக்கியலெட்சுமி கம்பியைப் பிடித்தபடி, "மாமா, குப்புற விழுந்தா என் புருசனுக்கு ஒங்க வீட்லதான் சோறு" என்றாள்.

முதல் கியர். ஒல்லி டயர்கள் சேற்றை அறுத்துக்கொண்டு அடிக் கல்லைத் தேடிப் பிடித்தன. ஓரிடத்தில் ஜீப் தயங்கியது. "இடது பக்கம்!" என்று பொன்னையா கத்த, ஆறு பேரும் இடதுபக்கம் சாய்ந்தார்கள். டயர் கடித்தது. அடுத்த நிமிஷம் ஜீப் உச்சியில் நின்று புகைத்துக்கொண்டிருந்தது.

கீழே கைதட்டல் காதைப் பிளந்தது. லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த புஷ்பத்துக்கும் அது கேட்டிருக்கும் என்று பொன்னையா நினைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் மேலாகக் கைதட்டியவர் புவனேந்திரன் முதலாளி. சேறு என்றும் பாராமல் மலையேறி வந்து, ஜீப்பின் மூடியைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவினார்.

"எண்பது வயசுல இந்தப் போடு போடுதே! பொன்னையா, இது வண்டியில்ல, தங்கம்."

பொன்னையா பூரித்துப் போய், ஜீப்பின் பெருமையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னார். எஞ்சின் மாற்றியதில்லை, சேஸியில் துருவில்லை, பட்டாள நம்பர் இன்னும் இருக்கிறது என்று பெயிண்டைச் சுரண்டியே காட்டினார்.

நாலாம் நாள் துரை அவரை மறுபடி அழைத்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வீடியோ பாத்தாங்க பொன்னையா. ஓடாத வண்டின்னு நெனச்சு இரும்புக் கடைக்குப் போடச் சொல்லியிருந்தாங்களாம். இப்படி ஓடுற வண்டிய ஏன் சும்மா ஒழிக்கணும், விலை கேளுங்கன்னாங்க. புவனேந்திரன் முதலாளி நல்ல விலை சொல்லிட்டாரு. ஹோட்டல் வாசல்ல வைக்கப் போறாராம்."

"அப்ப புஷ்பம், ஐயா?"

"புதுசு இருக்குதானே. இனி அத நீங்கதான் ஓட்டப் போறீங்க. சம்பளமும் கூடும்."

திங்கட்கிழமை லொறி வந்தது. "நீங்களே ஏத்திவிடுங்க, ஒங்க கைக்குத்தான் அது கேக்கும்" என்றார் முதலாளி. பொன்னையா பலகையில் ஏற்றி நிறுத்தி, சுவிட்சை அணைத்தார். நாலு பட்டியால் இழுத்துக் கட்டினார்கள். முதலாளி அவர் தோளில் கை போட்டு, "எப்ப பாக்கணும்னாலும் ஹோட்டலுக்கு வாங்க. ஒங்களத் தடுக்க ஆளில்ல" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

செவ்வாய் விடியற்காலை புது வண்டி லயத்து வாசலுக்கு வந்தது. பாதி போன பாதையில் மண்சரிவைத் தொட்டபடி, அங்குலம் அங்குலமாக. புஷ்பம் பஞ்சு மாதிரியான சீட்டில் உட்கார்ந்து தடவிப் பார்த்தாள். உடனே வண்டி கணகணவென்று மணியடித்தது.

"என்னாங்க, நான் ஒக்காந்தது அதுக்குப் புடிக்கலையா?"

"பெல்ட் போடலன்னா கத்துமாம்." குனிந்து மாட்டிவிட்டார். மணி நின்றது. "ஒன்னயப் பெரிய தொர சம்சாரம்னு நெனச்சிருக்கும்" என்றார். பாலம் வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் கொழும்பிலிருந்து போன் வந்தது. வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று அங்கே ஒரு திரையில் புள்ளி ஓடுமாம், எந்த சீட்டில் பெல்ட் மாட்டினாலும் தெரியுமாம். விடியற்காலை நாலு ஐம்பதுக்கு மேல் டிவிஷனில் என்ன வேலை? முன் சீட்டில் யார்? இன்சூரன்ஸில் பேரில்லாத ஆளை ஏற்றியது யாரைக் கேட்டு?

துரை இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களை மேசையில் வைத்தார். ஒன்று பொன்னையாவுக்கு, ஒன்று அவருக்கே.

"நோயாளின்னு சொல்லிக் கேட்டேன் பொன்னையா. ஆஸ்பத்திரி வண்டி வேற, இது வேறங்கிறாங்க. இன்னொரு தரம் நடந்தா ஒங்க வேல போயிரும். எனக்கும் பதில் சொல்ல முடியாது."

வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். பொன்னையா பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தார். துரையும் வைத்தார்.

வியாழன் மாலை சுரேன் இரண்டு சவுக்குக் கம்புகளைக் கொண்டுவந்து, புஷ்பத்தை உட்காரவைத்துத் தூக்க ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையின் இரு பக்கமும் வைத்துக் கட்டினான். "நாலு பேர் இருக்கோம் அண்ண. மூணரைக்குக் கெளம்புனா சரியாப் போயிரும். நீங்க யோசிக்காதீங்க."

"நானும் தூக்குறேன்டா."

"ஒங்களுக்குத்தான் டியூட்டியாமே. தொர விடியக் கருக்கல்ல ரயிலுக்குப் போறாராம்."

வெள்ளிக்கிழமை தூறல் விடவில்லை. பங்களாவில் துரையை ஏற்றிக்கொண்டு பொன்னையா இறங்கினார். துரை பின் சீட்டில் போனைப் பார்த்தபடி இருந்தார். பாலத்துக்கு முந்தின திருப்பத்தில், மேல் டிவிஷன் பாதை வந்து சேரும் இடத்தில், வண்டி தானாக நின்றது. திரை பீப் பீப் என்று அலறியது. திரையில் நாலு உருவங்களைச் சுற்றி மஞ்சள் கட்டங்கள். நடுவே உயரத்தில் ஐந்தாவது கட்டம்.

"என்ன பொன்னையா?"

"ஆளுங்க ஐயா." பொன்னையா கண்ணாடியில் துரையைப் பார்த்தார். "நம்ம புஷ்பம்."

துரை போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நீங்களும் சைன் வச்சீங்க, நானும் வச்சேன்" என்றார் துரை மெதுவாக. "ரயிலுக்கு நேரமாச்சு. அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க."

சுரேனும் மற்றவர்களும் வழிவிட்டுப் பாதையோர வடிகால் கானுக்குள் இறங்கினார்கள். முழங்கால் வரை தண்ணீர். கதிரையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார்கள். புஷ்பத்தின் தலையில் உரச்சாக்கு. வெளிச்சம் அவள் கண்ணைக் குத்தியது. பொன்னையா லைட்டைக் குறைத்தார். வண்டி தானாகவே அதைக் கூட்டிக்கொண்டது. மறுபடி குறைத்தார். மறுபடி கூட்டிக்கொண்டது.

அவர் பட்டனை அமுக்கினார். அலறல் நின்றது.

வண்டி ஊர்ந்தது. மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், கதிரையின் கையும் அதைப் பற்றியிருந்த வீங்கிய விரல்களும் கடந்தன. இரண்டு விரல் மட்டும் உயர்ந்து, போங்க என்று அசைந்தன.

திரையில் மஞ்சள் கட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. பக்கத்தில் காலியாக இருந்த சீட்டின் பெல்ட் சரியாக இருக்கிறது, பாதையில் யாரும் இல்லை என்று வண்டி பச்சை விளக்குக் காட்டியது.