முதல் குண்டு தவறும்

1.

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. 'வேகமான துப்பாக்கி விளையாட்டுகள் ஏன் இவ்வளவு சுவாரசியமாக இருக்கின்றன' என்று எழுதித் தரும்படி ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். வீடியோ கேமைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் சுடும்போது என் விலாவில் இடிக்கும் முழங்கை மட்டும்தான். தெரியாததைக் கட்டுரையாக எழுதினால் மாட்டிக்கொள்வோம், கதையாக எழுதினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை.

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அவள் ஓடினாள். சுட்டாள். தாவினாள். மறுபடியும் ஓடி—

[வேகமான விளையாட்டைப் பற்றி எழுதினால் வாக்கியமும் மூச்சிரைக்க வேண்டும் என்று யார் சொன்னது? அடித்துவிட்டேன்.]

கழக்கூட்டத்தில், கண்ணாடிக் கட்டடங்கள் முடிந்து மீன்கடைகள் தொடங்கும் இடத்தில், மாலை வெயில்—

[இப்படித் தொடங்கினால் ஆள் வருவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிடும்.]

ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் மகாராஜாவின் மகள் அனுஷா, மொட்டைமாடியில் துப்பாக்கிக்காரர்களை நிறுத்துவதைப் பிழைப்பாகக் கொண்டவள்.

இது இருக்கட்டும். இதில் ஓர் ஆள் இருக்கிறாள்.

2.

அனுஷா வேலை பார்ப்பது கழக்கூட்டத்தில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன கேம் கம்பெனி. பிஜுதான் நடத்துகிறான். கம்பெனிக்கு இருப்பதே ஒரு கேம், அதுவும் இன்னும் வெளிவரவில்லை. பொட்டலம் கொண்டுபோகும் ஒரு பெண் ஊரின் மொட்டைமாடிகள் வழியாக ஓடுகிறாள். வழிமறிப்பவர்களைச் சுடுகிறாள். அவர்கள் எங்கே நிற்பது, எவ்வளவு சீக்கிரம் சுடுவது, பட்டால் எவ்வளவு வலிப்பது, இதையெல்லாம் முடிவு செய்பவள் அனுஷா.

ஆடுபவர் அந்தப் பெண்ணைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறார். அவளுடைய முதுகும் பின்னலும் இடறும் காலும் தெரியும். அவளாகவே இருந்துகொண்டு அவளை வேடிக்கையும் பார்க்கலாம். [நானும் இப்போது அனுஷாவுக்குப் பின்னால் அப்படித்தான் நிற்கிறேன். அவள் தலைக்கு எண்ணெய் வைத்திருப்பது வரை தெரிகிறது. என்ன நினைக்கிறாள் என்பதைப் பாதி ஊகத்தில்தான் எழுதுகிறேன்.]

சுவாரசியம் எங்கிருந்து வருகிறது? அனுஷாவின் பதில் நேரானது. பயம் வந்தால் மனிதன் பின்வாங்குவான். அந்த நேரத்தில் அவனை முன்னால் ஓட வைக்க வேண்டும். அவளுடைய மாடியில் சுவருக்குப் பின்னால் பதுங்கினால் இழந்த ஹெல்த், அதாவது மிச்சமிருக்கும் உயிரின் அளவு, திரும்ப வராது. எதிரியின் பக்கத்தில் போய் அவனை வீழ்த்தினால்தான் ஏறும். ஓடும்போது யோசிக்க நேரம் இருக்கக்கூடாது. செத்த பிறகோ, எங்கே பிசகினோம் என்பது உடனே புரிய வேண்டும். புரிந்தால் இன்னொரு முறை ஆடுவார்கள். புரியாவிட்டால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி மாடியைச் சாகாமல் கடப்பவர் மேசையில் திருகி வைத்திருக்கும் சைக்கிள் மணியை அடிக்க வேண்டும்.* பிஜு அடித்திருக்கிறான். புரோகிராமர் அகில் அடித்திருக்கிறான். அனுஷாவும் அடித்திருக்கிறாள். அடிக்காத ஒரே ஆள் சபீனா. அவள்தான் டெஸ்டர். நாள் முழுக்க ஆடி, கேமில் இருக்கும் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. மணக்காட்டுக்காரி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அதே எதிரியிடம் குண்டடி பட்டுச் சாகிறாள். அந்த மூலைக்கு 'சபீனா முக்கு' என்று அகில் பெயர் வைத்துவிட்டான். சபீனாவும் கூடவே சிரிப்பாள். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். அனுஷா அதைக் கவனித்திருக்கிறாள்.

* மணி அடித்தவருக்குப் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி. செலவு பிஜுவுடையது. ஆகவே பிஜுவைத் தவிர எல்லோருக்கும் பிடித்த வழக்கம்.

3.

[மூன்றாம் பகுதியில் அனுஷாவுக்கும் பிஜுவுக்கும் காதல் வருவதாக இருந்தது. மழை, ஒரே குடை. படித்துப் பார்த்தபோது இருவரும் எனக்காகச் சகித்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன்.]

4.

கேமை வெளியிட முன்வந்த நிறுவனத்திலிருந்து பத்மகுமார் என்பவர் பார்க்க வந்தார். வெளியாள் ஆடும்போது உருவாக்கியவர்கள் வாய் திறக்கக்கூடாது, அது இந்தத் தொழிலின் விதி. எல்லோரும் பின்னால் கைகட்டி நின்றார்கள். மனிதர் மாடியில் கால் வைத்தார், செத்தார். மறுபடியும் வைத்தார், மறுபடியும் செத்தார். எங்கிருந்து குண்டு வந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும்போல் அனுஷாவுக்கு நாக்கு துடித்தது. கடைசியில் கன்ட்ரோலரைப் பூப்போலக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"கொள்ளாம்."

மலையாளத்தில் 'நன்றாக இருக்கிறது' என்று அர்த்தம். அந்தக் குரலில் சொன்னால் 'வேண்டாம்' என்று பொருள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிஜு அவரை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டு வந்தான்.

என்ன நடந்தது என்று அனுஷாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரே மாடியைத் தினமும் ஆடி ஆடி அவர்களுக்குக் கை தேறிவிட்டது. கை தேறியதும் விளையாட்டு சப்பென்று ஆனது. உடனே எதிரிகளை இன்னும் கெட்டிக்காரர்களாக்கினார்கள். அதற்கும் கை பழகியது. மறுபடியும் முறுக்கினார்கள். தாங்கள் எவ்வளவு ஏறிவிட்டோம் என்று தெரியாமல் ஏணியைக் கூடவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மணி அடித்த மூன்று பேரும் அடித்தது பழைய, இளகிய மாடியில். முறுக்கிய பிறகு வந்து சேர்ந்தவள் சபீனா. அவள் கை மந்தம் என்று அவளும் நம்பினாள், இவர்களும் நம்பினார்கள்.

[எனக்கும் இதே சங்கடம். இந்தப் பக்கங்களை நான் படித்த தடவைகளுக்கு அளவில்லை. உங்களுக்குப் புரிகிறதா, அலுக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.]

5.

அன்று மத்தியானமே அனுஷா உட்கார்ந்து சில சலுகைகளை ஒளித்து வைத்தாள்.

எந்த எதிரி சுட்டாலும் அவனுடைய முதல் குண்டு தவறும். ஆடுபவர் சத்தம் கேட்டுத் திரும்புவார், தானாகச் சுதாரித்துத் தப்பியதாக நினைத்துக்கொள்வார். ஹெல்த் கடைசிச் சொட்டுக்கு வந்துவிட்டால் அந்தச் சொட்டு வெளியே தெரிவதைவிட அதிக நேரம் தாங்கும். விளிம்பைத் தாண்டிய பிறகு கொஞ்சம் தாமதமாக பட்டனை அழுத்தினாலும் தாவல் கிடைக்கும். மயிரிழையில் பிழைத்தோம் என்ற உணர்வுக்காகத்தான் மனிதர்கள் இதை ஆடுகிறார்கள், அந்த மயிரிழையை யாரோ உட்கார்ந்து தயாரிக்க வேண்டியிருக்கிறது.

எதை மாற்றினாலும் டெஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அலுவலக ஏற்பாடு. அனுஷா சொல்லவில்லை. தெரிந்துவிட்டால் இந்தச் சலுகைகளுக்கு வேலையில்லை. தெரியாமல் ஆடினால்தானே உண்மையான சோதனை? இப்படித்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முகம் கழுவிவிட்டு வரும் சபீனாவும் மனத்தின் ஓரத்தில் இருந்தாள் என்று நான் ஊகிக்கிறேன்.

6.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன்னால் சபீனா கத்தினாள்.

"அனூ! இஞ்ச வா, பாரு! சாகல்ல, நான் சாகல்ல!"

கடைசி மாடியைக் கடந்து திரையில் அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சபீனா மணியை அடித்தாள். விடாமல் அடித்தாள். கீழ்மாடி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். அகில் எழுந்து நின்று கும்பிட்டான். பிஜு முனகிக்கொண்டே பழம்பொரி வாங்க ஆள் அனுப்பினான்.

சபீனா வீட்டுக்கு போன் செய்தாள். "உம்மா, நான் ஜெயிச்சேன்... இல்லும்மா, ஆபீஸ்லதான்... சம்பளம் ஒண்ணும் கூட்டல்ல, இது வேற... நீங்க வெறுதே சந்தோஷப்படுங்க, போதும்."

அனுஷாவுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

பழம்பொரி வந்தது. சபீனா ஒன்றை எடுத்தாள், கடிக்கவில்லை. நாற்காலியை அனுஷாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அனு, ஒண்ணு கேப்பேன். உள்ளத சொல்லணும், கேட்டியா."

"கேளு."

"அந்தத் தொட்டிகிட்ட நிக்கிறவன் ஒருநாளும் குறி தப்பமாட்டான். இன்னிக்குத் தப்பிட்டான். நேத்து நீ இதுல ஏதாச்சும் மாத்தினியா?"

7.

முந்தைய பிரதியில் இந்த இடத்தில் கரண்ட் போனது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், கேள்வி மறந்துபோனது, அனுஷா பிழைத்தாள். அவளை நோக்கி வந்த முதல் குண்டை நான் தவறச் செய்திருக்கிறேன். அவளைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. கரண்டைத் திரும்பக் கொடுத்துவிட்டேன்.

முடிவு ஒன்று. "இல்லியே" என்கிறாள் அனுஷா. சபீனா பழம்பொரியைக் கடிக்கிறாள். பத்மகுமார் மறுபடி வருகிறார், இந்த முறை எழுந்திருக்கவே மனமில்லாமல் ஆடுகிறார். எல்லாம் நல்லபடி முடிகிறது. ஆனால் பிழையைக் கண்ணால் பிடிப்பதுதான் சபீனாவின் வேலை, அவள் சரியாகப் பிடித்தும்விட்டாள். பிடித்ததை இல்லை என்று தோழியே சொன்னால் நாளையிலிருந்து அவள் தன் கண்ணையே நம்ப மாட்டாள்.

முடிவு இரண்டு. "ஆமா" என்கிறாள் அனுஷா. நாங்கள் அடித்ததும் சுலபமான மாடியில்தான், உனக்குத்தான் அநியாயம் நடந்தது என்று எல்லாவற்றையும் விளக்குகிறாள். சபீனா சிரித்து, தோளில் தட்டி, விட்டுத்தள்ளு என்கிறாள்.

அந்தச் சிரிப்பை நான் எழுதினேன், அடித்தேன், இன்னொரு முறை எழுதிப் பார்த்தேன். சபீனா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பழம்பொரியைக் காகிதத்தின் மேல் திருப்பி வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்:

"அப்போ நான் எப்பவாவது சொந்தமா—"

அதை அவள் முடிக்கவில்லை. என்னாலும் முடித்துக்கொடுக்க முடியவில்லை. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

ஆகவே சபீனா இன்னும் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். அனுஷாவின் இடத்தை உங்களுக்கு விட்டுத்தருகிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். 'இல்லை' என்றால் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம். 'ஆமா' என்றால், சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே கொஞ்ச நேரம் இருங்கள். நான் வரவில்லை. ஒரு முறை பார்த்துவிட்டேன்.