முக்கால் டிகிரி

அந்தப் பெரிய சலவைக்கூடத்தில் அண்ணிக்கு வேலை ஆவி உருளையின் முன்னால். ஈரமான படுக்கை விரிப்பை உள்ளே விட்டால் மறுபக்கம் காய்ந்து, மடிப்பில்லாமல் வரும். எட்டு மணி நேரம் அந்தச் சூட்டில் நிற்க வேண்டும். போன கோடையில் பக்கத்தில் நின்றவள் ஒரு வார்த்தை சொல்லாமல் சரிந்து விழுந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை.

நாத்தனார் மருத்துவக் கருவிகள் செய்யும் சிறிய நிறுவனத்தில் பொறியாளர். உடம்புக்குள் எதையும் செருகாமல், நெற்றியில் கட்டும் ஒரு பட்டையால் உள்சூட்டைக் கண்டுபிடிக்க இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சோதிக்க அந்தச் சலவைக்கூடத்திலிருந்தே பன்னிரண்டு பேர் வேண்டும் என்றதும் அண்ணி முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தாள்.

பட்டை சொல்வது சரிதானா என்று பார்க்க, உள்ளே சிறு வெப்பமானி வைத்த ஒரு மாத்திரை உண்டு. முந்தின நாளே விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள்ளிருந்து உண்மையான சூட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

"ரெண்டு நாள் கழிச்சு அதைத் திருப்பித் தரணுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"வேண்டாம் அண்ணி. அது போற வழியிலேயே போகட்டும்."

பதினோரு பேருக்குப் பட்டையும் மாத்திரையும் ஒத்துப்போயின. அண்ணிக்கு மட்டும் மாத்திரை 38.4 என்றது, பட்டை 37.6 என்றது. முக்கால் டிகிரிக்கும் மேல் குறைவு. மறுநாளும் அதே கதை.

"அந்த ஒருத்தரை விட்டுடலாமே. மத்தவங்களுக்கெல்லாம் கச்சிதமா வருது. உங்க அண்ணிங்கறதாலதான் இப்படித் தவிக்கிறீங்க" என்றார் நாத்தனாரின் மேலாளர்.

"ஆமா சார், அண்ணிங்கறதாலதான் கண்ணுல பட்டுது. ஆனா நிஜமா மயங்கி விழப்போறது அந்த ஒருத்தராத்தான் இருக்கும். ரெண்டு வாரம் கொடுங்க."

அரைமனதோடு பத்து நாள் கொடுத்தார்.

நாத்தனார் நாற்காலி போட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பட்டையை மாற்றினாள், கம்பியை மாற்றினாள், எதுவும் பலிக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி நெற்றியைத் துடைத்தபடி சொன்னாள்: "என் இடத்துல மட்டும்தான் ஃபேன் காத்து நேரா மூஞ்சியில அடிக்குது. நெத்தி ஜில்லுனு இருக்கு. உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டுதான் இருக்கேன்."

நாத்தனார் கையிலிருந்த டப்பாவை அப்படியே மூடி வைத்தாள். வியர்வையில் ஊறிய பட்டையைக் காற்று குளிரவைத்திருக்கிறது. பட்டையும் அதை நம்பியிருக்கிறது.

அன்றே நெற்றியைக் கைவிட்டாள். நெஞ்சில், துணிக்கு அடியில் ஒட்டும்படி, மேலே தடித்த நுரை மூடி வைத்து வேறொன்று செய்தாள். கணக்குகளை முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. போட்டாள். பன்னிரண்டு பேரையும் மறுபடி மாத்திரை விழுங்கச் சொல்லிக் கெஞ்சினாள். நான்கு பேர் முணுமுணுத்தார்கள். அண்ணி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள், முணுமுணுப்பு அடங்கியது.

ஒன்பதாம் நாள் பிற்பகலில் அண்ணியின் நெஞ்சுப் பட்டை அதிர்ந்தது. சூடு 38.5-ஐத் தொட்டால் அதிரும்படி வைத்திருந்தாள். நாத்தனாரின் கையிலிருந்த திரையில் பட்டை 38.5, மாத்திரை 38.6.

"அண்ணி, நிறுத்துங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு வண்டி விரிப்புதான், முடிச்சுட்டு வந்துடறேன்."

"ஒண்ணும் தெரியாதுதான். போன வருஷம் விழுந்தவங்களுக்கும் தெரியல."

அண்ணியின் கை விரிப்பின் மேலேயே நின்றது. கூடத்தின் மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உருளையை நிறுத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கின. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

"இவ்வளவு நேரம் இது எங்க இருந்துது?" என்று தன் கால்களையே கேட்டாள்.

மேற்பார்வையாளர் அருகே வந்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"சூடு இறங்குற வரைக்கும்" என்றாள் நாத்தனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இறங்க முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை இரண்டு வண்டி விரிப்புகளும் நனைந்தபடியே கிடந்தன. மறுநாள் மேலாளரின் மேசைக்குப் போன அறிக்கையில் பன்னிரண்டு பேரின் எண்களும் இருந்தன.