பின்னாலிருந்து நீளும் கரண்டி

நாமக்கல் பைபாஸை ஒட்டிய அந்த முதியோர் இல்லத்தில், நினைவு தப்பியவர்கள் ஒருத்தியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, மாலை ஆறு மணி அடிக்கும்வரை அவள் அதுவாகவே இருந்தாக வேண்டும். போன மாதம் ஆயா கஸ்தூரியை ஒரு பெரியவர் கண்டக்டர் என்றார். அவள் பகல் முழுக்க விசில் ஊதிக்கொண்டு வராந்தாவில் அலைந்தாள். திருடன் என்று பெயர் வாங்கிய இன்னொருத்தி, சுவர் ஏறிக் குதித்துக் கால் பிசகி ஒரு வாரம் லீவு.

அதனால் ஊட்டுவது பின்னால் நின்றுதான். குளிப்பாட்டும்போது முதியவர்கள் முகத்தில் துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். அறைக்குள் ஆயாக்கள் வாய் திறப்பதே இல்லை. குரலை வைத்தும் கூப்பிட்டுவிடுவார்களே. வேலை சுத்தமாக நடக்கிறது என்று சூப்பர்வைசர் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. சுத்தமாகத்தான் நடந்தது. அங்கே இருந்த பாவாயம்மாள் கிழவி ஒரு மனித முகத்தைப் பார்த்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

பாவாயம்மாள் என்றால் எல்லோருக்கும் பயம். எதிரே வருகிறவளையெல்லாம் சாந்தாமணி என்பாள். ஏழு வயதில் கிணற்றில் விழுந்து செத்த மகள். ஆயா வளர்மதி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சாந்தாமணி ஆனாள். ஆறு மணிவரை தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, மூச்சு முட்டியது. ஆனால் அன்று பாவாயம்மாள் நாலு இட்லி தின்றாள். அந்த ஈரத் தலையைத் துவட்டித் துவட்டிச் சிக்கெடுத்துவிட்டாள். வளர்மதிக்கு அப்படி யாரும் தலை வாரிவிட்டதில்லை. மறுநாளிலிருந்து தானும் பின்னால் போய் நின்றுகொண்டதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் பாவாயம்மாள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் கஞ்சி கடைவாயில் வழிந்தது. இப்படியே போனால் ஞாயிற்றுக்கிழமை தாண்டாது என்றார் டாக்டர். வளர்மதிக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் செத்த பிள்ளையாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று, நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

பாவாயம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?" என்றாள்.

தலை நனையவில்லை. "நாந்தானுங்கம்மா, சாந்தாமணி" என்று வளர்மதியே சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை. அது அவர்கள் வாயால் வர வேண்டியது.

"அப்படி யாரும் இல்லீங்களே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பாவாயம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆறு மணி அடித்தது. மணி, ஆனதைத்தான் கலைக்கும். யாரும் இல்லை என்று சொல்லப்பட்டு, யாராகவும் ஆகாமல் போனவளை அது என்ன செய்யும்? சூப்பர்வைசர் அம்மா வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். வளர்மதியின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. பாவம், யார் வீட்டுப் பெண்ணோ என்று ஒரு நைட்டியை மாட்டிவிட்டு, பாவாயம்மாளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலைக் கொடுத்தார்.

ஆறேகாலுக்குக் கஞ்சி வந்தது. தோளுக்குப் பின்னாலிருந்து கரண்டி நீண்டது. புதுக் கட்டிலில் இருந்தவள் வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த தன் மகள் வீட்டு வாசலிலேயே நிற்பாள். யாராவது வீட்டுக்குப் போயாக வேண்டும். எவர்சில்வர் தம்ளரில் கஸ்தூரியின் முகம் கோணலாகத் தெரிந்தது. கட்டில் கிடைத்துவிட்டதால் கூப்பிடும் உரிமை இப்போது அவளுக்கும் உண்டு.

"வளர்மதி" என்று கூப்பிட்டாள்.

கரண்டி நின்றது. இன்றைய மணி அடித்து முடிந்துவிட்டது, இனி அந்தப் பெயர் நாளை ஆறுவரை செல்லும். கஸ்தூரி கிண்ணத்தை வைத்துவிட்டு, வெளியே கிடந்த வளர்மதியின் செருப்பை மாட்டிக்கொண்டு ஆறரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். செருப்பு அளவாக இருந்தது.

நாளைக்கும் மறக்காமல் கூப்பிட வேண்டும் என்று கட்டிலில் இருந்தவள் நினைத்துக்கொண்டாள்.